நீலம் காற்றோடு வரும், வெள்ளை நீரோடு வரும்

அசோக் நகரில் எங்கள் தெருவில் நான் கடலில் நீந்துகிறவன் என்று பலருக்கும் தெரியும். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால் போதும், கேள்வி வந்துவிடும்: "எந்த பீச்சுல சார் சொறி இருக்காது?" ஜெல்லி மீனைத்தான் கேட்கிறார்கள். நம் மீனவர்கள் அதைச் சொறி என்பார்கள். உடம்பில் பட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெசன்ட் நகரா, திருவான்மியூரா, நீலாங்கரையா, கோவளமா என்று ஓர் ஊர்ப்பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். என்னால் அப்படி ஒரு பெயரைச் சொல்ல முடிந்ததில்லை. மெரினாவிலிருந்து மாமல்லபுரம் வரை நம்முடையது ஏறக்குறைய ஒரே நேர்கோட்டுக் கரை. அதில் சொறி வராத இடம் என்று எதுவும் கிடையாது. வராத நாட்கள் உண்டு. அந்த நாளைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் கரையைத் தேர்வு செய்வது சுலபம்.

முதலில் எது வருகிறது என்று தெரிய வேண்டும். நீந்துகிறவனுக்கு விலங்கியல் புத்தகம் தேவையில்லை, இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஒன்று நீலக் கூட்டம். நீர்ப்பரப்பின் மேலேயே மிதப்பவை இவை. போர்பிட்டா என்கிற நீலப் பொத்தான் ஒரு நாணயம் அளவுதான் இருக்கும், சுற்றிலும் நீல விளிம்பு. தோலில் பட்டால் லேசாக அரிக்கும், அவ்வளவே. அதன் உறவுக்காரனான பைசாலியா அப்படியல்ல. காற்று நிரம்பிய நீலப் பையொன்று மேலே மிதக்க, அடியில் மீட்டர் கணக்கில் நீல இழைகள் தொங்கும். பார்ப்பதற்கு ஒற்றை உயிர்போல் இருந்தாலும் அது பல உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டுக் குடும்பம். அந்த இழை முதுகில் இழுத்துக்கொண்டு போனால் சாட்டையடி பட்ட மாதிரி தடிப்பு எழும், வலி ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

இரண்டாவது வெள்ளைக் கூட்டம். குடை விரித்து நீருக்குள் துடித்துத் துடித்துப் போகிறவை. கிராம்பியோனெல்லா என்பது நம் கரையில் மந்தை மந்தையாக வரும். தடித்த குடையும் கொத்துக்கொத்தான கைகளும் உண்டு, நீண்ட இழைகள் கிடையாது. கொட்டும், ஆனால் தாங்கலாம். தமிழக, ஆந்திரக் கரைகளில் இதைப் பிடித்து உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்திக் கிழக்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். கிரைசோரா அதே கூட்டத்தில் இன்னொன்று. அதற்கு மெல்லிய நீண்ட இழைகள் இருப்பதால் குடையைப் பார்த்து விலகினாலும் வால் வந்து தொடும். இவற்றைத் தவிர வங்கக் கடலில் பெட்டி ஜெல்லிகளும் இருக்கின்றன. உடல் கண்ணாடிபோல் இருப்பதால் நீரில் கண்ணுக்குத் தெரிவதே கடினம். உயிருக்கே ஆபத்தான இனங்கள் அந்தக் குடும்பத்தில்தான் உண்டு.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீலக் கூட்டம் காற்றுக்குக் கட்டுப்பட்டது. வெள்ளைக் கூட்டம் நீரோட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றை விட்டால் கணக்குத் தவறும்.

காற்றைப் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. அசோக் நகருக்கும் கடலுக்கும் ஏழெட்டு கிலோமீட்டர்தான். கோடையில் பகல் ஏற ஏற நம் மொட்டை மாடிக்கே கடற்காற்று வந்துவிடும். கொடியில் காயும் வேட்டி மேற்குப் பக்கமாகப் பறந்தால் கடற்காற்று, கிழக்காகப் பறந்தால் தரைக்காற்று. வழக்கமான நாளில் மாலையில் வீசிய கடற்காற்று இரவில் ஓய்ந்து, விடியற்காலையில் தரைக்காற்று மெல்லக் கடல் பக்கம் தள்ளும். அந்த விடியல்தான் நல்ல விடியல். கடல் மட்டமாக இருக்கும், மேலே மிதப்பவை கரையை விட்டு விலகியிருக்கும். இரவு முழுக்கக் கடற்காற்று ஓயாமல் வீசி, விடிகாலை நான்கரை மணிக்கும் கொடித்துணி மேற்கே பறக்கிறதென்றால் நான் நீச்சல் கண்ணாடியை எடுப்பதில்லை. நடைக்குப் போகிறேன். அப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கிழக்கிலிருந்து வீசினால் கரையில் நீலம் ஒதுங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். புயல் ஓய்ந்த பிறகும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்து சில நாட்களில் பெசன்ட் நகர்க் கரையில் நீல டிராகன் என்னும் கடல் நத்தைகள் ஒதுங்கின. பலரும் அழகாக இருக்கிறதென்று படம் எடுத்தார்கள். அது பைசாலியாவைத் தின்று அதன் கொட்டும் செல்களைத் தன் உடம்பிலேயே சேமித்துக்கொள்ளும் பிராணி. அது கரைக்கு வந்திருக்கிறதென்றால் அதன் இரையும் அதே காற்றில் அருகில் எங்கோ மிதக்கிறது என்றுதான் நீந்துகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீரோட்டம் கொஞ்சம் சிக்கலானது. ஊரூர்க் குப்பத்து மீனவர்கள் அதை வெள்ளம் என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே போவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. பொதுவாக மாசி, பங்குனி தொடங்கித் தென்மேற்குப் பருவம் முடியும் வரை ஓட்டம் வடக்கு நோக்கி இருக்கும். ஐப்பசியில் வாடை பிடித்ததும் தெற்கு நோக்கித் திரும்பும். வெள்ளை மந்தைகள் இந்த ஓட்டத்தில்தான் பயணம் செய்கின்றன. ஓட்டம் ஒரே திசையில் விறுவிறுவென்று இருக்கும்போது அவை கரையை ஒட்டி நிற்பது குறைவு. ஓட்டம் தயங்கித் திசை மாறும் வாரங்களில் நீர் அங்கங்கே சுழன்று நிற்கும், மந்தையும் அதோடு நிற்கும். கல்பாக்கத்துக்காரர்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள். 1984-இல் வணிக உற்பத்தி தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் தன் எந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரைத்தான் உறிஞ்சுகிறது. மந்தை வரும் நாட்களில் நீர் உறிஞ்சும் வாயிலின் வலைத்தடுப்புகளில் சொறி அடைத்துக்கொள்ளும். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும். ஓர் அணுமின் நிலையத்தையே திணற வைக்கிற விஷயம் என்பதால் அங்குள்ள விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இதன் வருகையைப் பருவத்தோடும் நீரோட்டத்தோடும் சேர்த்து ஆராய்ந்து வருகிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம். கோடை முற்றிக் கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் நாட்களில் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுவதால் நீலக் கூட்டம் தொலைவில் இருக்கும், உண்மைதான். அப்படித் தள்ளப்பட்ட மேல்நீருக்குப் பதிலாக அடிநீர் மேலே ஏறும். ஜூன் மாதத்து வெயிலில் கால் வைத்தால் தண்ணீர் திடீரென்று சில்லென்றிருக்கும் நாட்கள் இவை. அந்த அடிநீரில் சத்து அதிகம், மிதவை உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னும் வெள்ளைக் கூட்டமும் பின்னாலேயே வரலாம். காற்று சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இறங்கிவிடக் கூடாது. 2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் அலைகள் நீலமாக ஒளிர்ந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் ஒளி அது. கடலில் உணவு பெருகியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறில்லை. உணவு பெருகிய கடலில் தின்ன வருகிறவர்களும் இருப்பார்கள்.

இவ்வளவும் வீட்டிலிருந்தே போடும் கணக்கு. தீர்ப்பு கரையில்தான்.

கரைக்குப் போனதும் நான் கடலைப் பார்ப்பதில்லை, மணலைப் பார்க்கிறேன். முந்தைய ஏற்றத்தில் அலை எட்டிய இடத்தில் பாசி, குச்சி, பிளாஸ்டிக் மூடி, நண்டு ஓடு எல்லாம் சேர்ந்து ஒரு கோடு இருக்கும். நம் கரையில் ஏற்ற இறக்க வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான், அதனால் அந்தக் கோடு தண்ணீருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். அதை ஒட்டித் தெற்கே கொஞ்ச தூரம், வடக்கே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. விடியற்கால வெளிச்சம் சாய்வாக விழும்போது ஈர மணலில் சொறி இருந்தால் மினுங்கும். நுங்குச் சுளையைப் போட்டு வைத்த மாதிரி கிடந்தால் வெள்ளைக் கூட்டம். குனிந்து விளிம்பைப் பார்க்க வேண்டும். ஓரம் கூர்மையாகவும் உடல் கெட்டியாகவும் இருந்தால் சற்று முன்தான் ஒதுங்கியது, அதன் கூட்டாளிகள் இன்னும் நீரில் இருக்கின்றன. ஓரம் உருகி மணல் ஒட்டிச் சுருங்கியிருந்தால் நேற்றையது. நீலம் பாசிக்குள் ஒளிந்திருக்கும். குச்சியால் பாசியைப் புரட்டினால் ஊதா கலந்த நீலப் பை ஒன்று விரல் நீளத்துக்கு உப்பியிருக்கும். அதிலிருந்து ஓர் இழை மணலுக்குள் சுருள் சுருளாகப் போயிருக்கும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கையால் தொடாதீர்கள். செத்த பிறகும் அந்த இழை கொட்டும், அறுந்து போன துண்டும் கொட்டும். பெரிய அலை அடித்த மறுநாள் நீரில் எதுவும் கண்ணில் படாமலேயே உடம்பெல்லாம் சுருக்சுருக்கென்று அரிப்பதற்கு இந்தத் துண்டுகளும் ஒரு காரணம்.

மணல் சொல்லாததை வலை சொல்லும். கொட்டிவாக்கம் குப்பத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை வழக்கம்போல், "என்னண்ணா, கடல் எப்படி?" என்று கேட்டேன். கடல் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது, மணலிலும் எதுவும் இல்லை. அவர் தலை நிமிராமலே, "வேணாம் சார், இன்னிக்கு எறங்காத. வலை பூரா சொறி. கை எரியுது பாரு" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வலை போட்டார், எந்தப் பக்கம் ஓட்டம் என்று கேட்டேன். தெண்டி மெதுவாக இருக்கிறதென்றும், நாளைக்குக் காற்று திரும்பினால் போய்விடும் என்றும் சொன்னார். மறுநாள் காற்று திரும்பியது, சொறியும் போய்விட்டது. இந்த அளவுக்கு நுணுக்கமான தகவலைத் தருகிற செயலி எதுவும் என் கைப்பேசியில் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை, காற்று, நீரோட்ட முன்னறிவிப்புகளைத் தினமும் தருகிறது, கள்ளக்கடல் என்னும் திடீர்ப் பேரலைக்கான எச்சரிக்கையும் தருகிறது. அதை முதல் நாள் இரவே கட்டாயம் பார்க்கிறேன். காலையில் வலைக்காரர் சொல்வது அதற்கு மேல்.

இனி கரைகளுக்கு வருகிறேன். மெரினாவையும் பட்டினப்பாக்கத்தையும் நீச்சலுக்கு நான் பரிந்துரைப்பதில்லை, அதற்கும் சொறிக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே கடலின் இழுவை ஆண்டுதோறும் உயிர் வாங்குகிறது, குளிக்க வேண்டாம் என்று காவல்துறையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெசன்ட் நகர்க் கரையில் நாம் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளை மண்டபம், 1930-இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். சொறி கொட்டினால் பெரும்பாலும் ஒரு நாள் வலி. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் திரும்புவது நிச்சயமில்லை. நல்ல கடற்கரை எது என்று யோசிக்கும்போது இந்த வரிசை மனதில் இருந்தே ஆக வேண்டும்: முதலில் இழுவை, அடுத்து நீரின் தூய்மை, மூன்றாவதாகத்தான் சொறி.

தூய்மை என்றால் அடையாறு முகத்துவாரம். வன்னி ஓடும் மாதங்களில் ஆற்றுக் கழிவு பெசன்ட் நகர்ப் பக்கம் வரும், தெண்டி ஓடும்போது பட்டினப்பாக்கம் பக்கம் போகும். முகத்துவாரத்து நீரில் சத்து அதிகம் என்பதால் சொறிக்கும் அது பந்தி. அதனால் நான் எப்போதும் முகத்துவாரத்திலிருந்து தள்ளியே போகிறேன். கொட்டிவாக்கத்திலிருந்து பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை வரை உள்ள நீளமான கரையில் ஆறு எதுவும் கலப்பதில்லை. கற்சுவரோ வளைவோ இல்லாத திறந்த கரையில் மிதந்து வருவது தங்காமல் கடந்து போய்விடும். சொறியை மட்டும் கணக்கில் எடுத்தால் என் முதல் தேர்வு இந்தப் பகுதிதான். ஆனால் அலை கரையிலேயே உடையும், மணல் சட்டென்று இறங்கும், உயிர்காப்பாளரும் கிடையாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் துணையோடு போகலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் இந்த இடத்தைச் சொல்ல மாட்டேன்.

அவர்களுக்குக் கோவளம். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கரை, குளிக்க எல்லை குறித்த இடமும் கண்காணிப்பும் உண்டு. பாறைமுனை ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அலையும் அடங்கியிருக்கும். அதே பாறைமுனைக்குப் பின்னால் நீர் சுழன்று நிற்பதால் மிதந்து வருவதும் அங்கே தங்கும், பக்கத்தில் முட்டுக்காடு முகத்துவாரமும் இருக்கிறது. நீலாங்கரையில் ஒன்றுமில்லாத நாளில் கோவளத்தில் சொறியைப் பார்த்திருக்கிறேன். இரண்டில் எது நல்ல கரை என்றால், சொறி இருந்தாலும் கோவளம்தான் என்பேன். காப்பாற்ற ஆள் இருக்கும் கரையில் கொட்டு வாங்கலாம்.

காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்வது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள ராமேஸ்வரம் தீவைவிட நல்ல பாடசாலை கிடையாது. தனுஷ்கோடிக்குப் போகும் ஒற்றைச் சாலைக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடபுறத்தைப் பெண்கடல் என்றும் கொந்தளிக்கும் தென்புறத்தை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் பொங்கும்போது வடக்குப் பக்கம் குளம்போல் இருக்கும், வாடை வந்தால் நிலைமை மாறும். பத்து நிமிட நடையில் இரண்டு கடல், இரண்டு கணக்கு. (தீவின் முனையில் இறங்கிவிடாதீர்கள், இரண்டு ஓட்டமும் மோதும் இடம் அது.)

பாக் நீரிணையை 1954-இல் முதலில் நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமியும், 1971-இல் போய்த் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனும், 1994-இல் பள்ளிச் சிறுவனாக அதைக் கடந்த நம் சென்னைக் குற்றாலீசுவரனும் நீந்தியது இந்த ஆழமில்லாத, சத்து நிறைந்த கடலில்தான். இப்போது நீந்துகிறவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கும் இடைவெளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடல் அமைதியாக இருக்கும் அதே வாரங்களில்தான் சொறியும் நிதானமாக நிற்கும். கடந்து வந்தவர்கள் எல்லோரும் தூரத்தைப் பற்றிப் பேசுவதைவிட முகத்திலும் கழுத்திலும் பட்ட கொட்டுகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நீரிணையை நீந்துகிறவருக்கு வேறு வழியில்லை, வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். காலை நேரத்தில் ஒரு மணி நேரம் நீந்த வருகிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமைதியான கடலைப் பார்த்து மயங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக் கணக்குகளை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹவாயின் வைகிகியில் பௌர்ணமி கழிந்து எட்டிலிருந்து பத்து நாளில் பெட்டி ஜெல்லிகள் கரைக்கு வரும், நாள்காட்டி பார்த்தே எச்சரிக்கிறார்கள். அது அந்தக் கரையின் அந்த இனத்துக்கு உரிய கணக்கு. அதைப் படித்துவிட்டு நம் ஊரில் தேய்பிறை பார்த்து இறங்குவதில் பயனில்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் நவம்பர் முதல் மே வரை கடலிலேயே வலைத்தடுப்பு கட்டுகிறார்கள், கழுத்து முதல் கணுக்கால் வரை லைக்ரா உடை போடுகிறார்கள். இந்த உடை மட்டும் நமக்கும் உதவும். கொட்டும் செல்லின் ஊசி மிகச் சிறியது, மெல்லிய துணியே பெரும்பாலும் அதைத் தடுத்துவிடும்.

கொட்டிவிட்டால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேய்க்காதீர்கள், மணலைப் பூசாதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் இழையில் வெடிக்காத செல்கள் மிச்சம் இருக்கும், இவை மூன்றும் அவற்றை வெடிக்க வைக்கும். கடல்நீராலேயே அலம்பி, இழையைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில், அதாவது 40-இலிருந்து 45 டிகிரிக்குள், வெந்நீரில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். பையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருந்தால் கரையிலேயே வேலை முடிந்துவிடும், சூட்டைக் கையில் பார்த்துக்கொண்டு கலந்து ஊற்றுங்கள். வினிகர் பெட்டி ஜெல்லிக்குத்தான். பைசாலியாவுக்கு ஊற்றினால் வலி கூடலாம். மூச்சுத் திணறல், நெஞ்சடைப்பு, வாந்தி, முகம் வீங்குதல் என்று எது வந்தாலும் கைவைத்தியத்தை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

சொறியை நான் வெறுப்பதில்லை. அது கடலின் குடிமகன், நாம்தான் விருந்தாளி. ஆனால் அது பெருகுவதில் நம் பங்கும் இருக்கிறது என்பது வருத்தம் தருகிறது. குடை விரித்து நீந்தும் பருவத்துக்கு முன்னால் இந்த வெள்ளைக் கூட்டம் சிறு மொட்டுகளாகக் கெட்டியான பரப்பில் ஒட்டி வளர்கிறது. துறைமுகச் சுவரும் தடுப்புக் கற்களும் ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன, நாம் விடும் கழிவு உணவு தருகிறது. சொறியைத் தின்னும் கடலாமைகளோ நம் கரையில் செத்து ஒதுங்குகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து கிடந்ததை நீந்தப் போன ஒவ்வொரு காலையிலும் பார்த்தேன். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவிரவாக நடந்து அந்த ஆமைகளின் முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். கடலில் குளிக்கிற ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

மாநகராட்சிக்கும் கடற்கரையைப் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீலக்கொடி பெற்ற கரைகளில் நீரின் தரத்தைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். அதில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: இன்று சொறி உண்டா, இல்லையா, நீலமா, வெள்ளையா. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் நீலாங்கரையிலும் இப்படி ஒரு பலகை வையுங்கள். தினமும் அதை எழுதுகிற வேலையை அந்தந்தக் குப்பத்து மீனவர் ஒருவருக்குச் சம்பளத்தோடு கொடுங்கள். விடிவதற்குள் வலையை இழுத்து முடித்த அவருக்கு அந்தத் தகவல் ஏற்கெனவே தெரியும்.